இந்தியாவில் வாங்கிய போனோடு ஜப்பானில்: சில வருட அனுபவம்

சென்னையில் வாங்கிய என் ஆண்ட்ராய்டு போன், அங்கேயே வாங்கிய என் மனைவியின் ஐபோன், இரண்டையும் எடுத்துக்கொண்டு டோக்கியோ வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நிஷிகசாய் பக்கம் வீடு. நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கிற இடம் என்பதால் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, போன் இங்கயே வாங்கிட்டு வரட்டுமா, அங்க வந்து பாத்துக்கலாமா?" இரண்டு போனையும் ஒரே வீட்டில் இத்தனை நாள் பயன்படுத்தியதில் என் பதில் இதுதான். ஐபோன் என்றால் யோசிக்காமல் கொண்டு வாருங்கள். ஆண்ட்ராய்டையும் கொண்டு வாருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி வராதீர்கள்.

டோக்கியோவுக்குள் நெட் வருகிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஏனென்றால் அது எந்தப் போனிலும் வரும். ஊரை விட்டு வெளியே போனால்தான் வித்தியாசம் தெரியும். நம்மூர் 4ஜி பெரும்பாலும் 1, 3, 5, 8, 40, 41 ஆகிய பேண்டுகளில் (எண் வைத்துப் பிரித்த அலைவரிசைகள்) ஓடுகிறது. இதில் 1, 3, 8, 41 ஜப்பானிலும் உண்டு, சரி. ஆனால் கட்டடத்துக்குள்ளும் மலைப்பக்கமும் சிக்னலைக் கொண்டுபோவது குறைந்த அலைவரிசைகள்தான். இங்குள்ள போன் நிறுவனங்களில் டோகோமோவுக்கு அது 800 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 19, ஏயுவுக்கு 18-ம் 26-ம், சாஃப்ட்பேங்குக்கு 900 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 8. நம்மூரில் விற்கிற நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 18, 19, 26 கிடையாது, 8 மட்டும் பெரும்பாலும் இருக்கும். என் போனும் அப்படித்தான். ஒகுதாமா மலைப்பக்கம் போயிருந்தபோது என் மனைவியின் போனில் மேப் சாதாரணமாக நகர்ந்துகொண்டிருந்தது, அதே நெட்வொர்க்கில் இருந்த என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அப்புறம் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க்கில் ஓடுகிற சிம்முக்கு மாறினேன், அதோடு அந்தப் பிரச்சினை பெருமளவு குறைந்தது. சாஃப்ட்பேங்க், ஒய்மொபைல், லைன்மோ மூன்றும் அதே நெட்வொர்க்தான். இந்திய ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பேண்டைப் பாருங்கள்.

நெட் வருவதால் போன் பேச முடியும் என்று அர்த்தமில்லை. ஏயு 3ஜியை 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது, சாஃப்ட்பேங்க் 2024-ல், டோகோமோ அறிவித்த கடைசி நாள் 2026 மார்ச் 31. அதாவது எல்லா அழைப்பும் 4ஜியிலேயே பேச வைக்கிற வோல்ட்டி வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அந்த நிறுவனத்துக்கான செட்டிங் உங்கள் போனுக்குள் இருக்க வேண்டும். என் போனில் முதல் சிம்மைப் போட்டபோது வோல்ட்டி பட்டனே வரவில்லை. யூடியூப் ஓடும், நம்பரைப் போட்டு அழைத்தால் ஒரு நொடியில் கட்டாகிவிடும். நண்பர்களோடு லைன் என்ற ஆப்பில் பேசிக்கொள்ளலாம், ஆனால் வார்டு ஆபீசும் ஆஸ்பத்திரியும் சாதாரண நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். அதைவிட முக்கியம், ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110, இந்த அழைப்புகள் போகாத போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு இருப்பது சரியில்லை. சிம் வாங்கிய அன்றே யாருக்காவது சாதாரண அழைப்பு ஒன்று போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று கிதேகி முத்திரை. ஜப்பானில் ரேடியோ அலை அனுப்புகிற கருவிகளுக்கு இருக்க வேண்டிய தொழில்நுட்பச் சான்று அது. சுற்றுலா வருகிறவர்கள் வெளிநாட்டு போனில் வைஃபை பயன்படுத்த 90 நாள் விலக்கு இருக்கிறது, குடியேறி இருப்பவர்களுக்கு அது போதாது. செட்டிங்ஸில் சட்டம், சான்றிதழ் சம்பந்தமான பக்கத்தில் இந்த முத்திரை இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடலாம். எங்கள் இரண்டு போனிலும் இருந்தது. எல்லா இந்திய மாடலிலும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் இரண்டு போனுக்கும் உண்மையான வித்தியாசம் தினமும் தெரிந்த இடம் ரயில் ஸ்டேஷன். ஜப்பானில் ரயில், பஸ், கடை, தானியங்கி பான இயந்திரம் எல்லாவற்றிலும் ஓடுகிற சுய்கா கார்டு 2001 நவம்பரில் வந்தது. அதற்குள் இருப்பது சோனியின் ஃபெலிக்கா என்ற தொழில்நுட்பம். 2017-ல் வந்த ஐபோன் 8 முதல் எந்த நாட்டில் வாங்கிய ஐபோனிலும் ஆப்பிள் இதைக் கொடுத்துவிட்டது. அதனால் என் மனைவி வந்த வாரமே வாலட்டைத் திறந்து சுய்காவைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஸ்டேஷன் கேட்டில் போனைத் திறக்கக்கூட வேண்டாம், மேல்பக்கத்தைக் காட்டினால் பீப் என்று கதவு விட்டுவிடும்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. ஜப்பானில் விற்பதற்கென்று தயாரான மாடல்களில்தான் மொபைல் சுய்கா ஓடும். என் போனில் கார்டை அருகில் வைத்தால் படிக்கிற என்எஃப்சி இருக்கிறது. பிளாஸ்டிக் சுய்காவைப் போனின் முதுகில் வைத்தால் மீதி எவ்வளவு, கடைசியாக எந்த ஸ்டேஷனில் இறங்கினேன் என்று ஒரு ஆப் சொல்லிவிடும். ஆனால் அந்தப் போனே கார்டாக மாறாது. செட்டிங்கை மாற்றியோ ஆப் போட்டோ இதைச் சரிசெய்ய வழியில்லை, நேரத்தை வீணாக்காதீர்கள். நம்மூரில் யுபிஐ முழுக்கக் கியூஆரில் ஓடுவதால் என்எஃப்சியே இல்லாத போன்கள்தான் அதிகம் விற்கின்றன, அந்தப் போனில் மீதிகூடப் பார்க்க முடியாது. சிப் தட்டுப்பாட்டால் 2023-ல் பிளாஸ்டிக் சுய்கா விற்பனையை நிறுத்தியிருந்தார்கள், அப்போது ஆண்ட்ராய்டோடு வந்தவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். பெயர் பதியாத சாதாரண கார்டு 2025 மார்ச்சில்தான் திரும்ப விற்பனைக்கு வந்தது. இப்போது கார்டை வாங்கிப் போன் கவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் வேலை நடந்துவிடும், நானும் நீண்ட நாள் அப்படித்தான் போய்வந்தேன்.

கடைகளில் பணம் கொடுக்க பேபே என்ற ஆப் இருக்கிறது, இது கியூஆர் என்பதால் இந்திய ஆண்ட்ராய்டிலும் அருமையாக ஓடும். 2018-ல் பேபே தொடங்கியபோது அதன் தொழில்நுட்பம் நம்மூர் பேடிஎம்மிடமிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் ஆப்பை இறக்க உங்கள் கூகுள் கணக்கு ஜப்பான் கணக்காக இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் நாட்டை வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும், மாற்றினால் இந்திய வங்கி ஆப்கள் பக்கம் தொல்லை வரலாம். இருக்கிற கணக்கைத் தொடவே வேண்டாம். புதிதாக இன்னொரு கூகுள் கணக்கு தொடங்கி அதை ஜப்பான் கணக்காக வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே போனில் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு, இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

இனி நிலநடுக்க எச்சரிக்கை. இதற்காகத்தான் கடைசியில் நான் இங்கே விற்கிற போன் ஒன்றை வாங்கினேன். அலுவலகத்தில் ஒரு மாலை, மேஜைமேல் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தக் கரகரப்பான அலாரத்தை அடித்தன, எல்லாரும் மேஜைக்கு அடியில் குனிகிறார்கள், என் போன் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. ஆட்டம் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் தனியாக, தூக்கத்தில் இருந்திருந்தால்? டவரிலிருந்து அந்தப் பகுதியில் இருக்கிற எல்லா போனுக்கும் ஒரே நொடியில் போகிற செய்தி அது, வெளிநாட்டு ஆண்ட்ராய்டுகள் சிலவற்றில் அதைக் கேட்கிற வசதி சரியாக இருப்பதில்லை. இந்திய ஐபோனில் ஜப்பான் சிம் போட்டதும் நோட்டிஃபிகேஷன் செட்டிங்கின் அடியில் அவசர எச்சரிக்கைக்கான பட்டன் தானாக வந்துவிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டில் அது வராது என்று தெரிந்தால் சேஃப்டி டிப்ஸ், நெர்வ் மாதிரி ஆப்களை முதல் நாளே போடுங்கள், இரண்டிலும் ஆங்கிலம் உண்டு. அவை நெட் வழியாக வருகிறவை, சில நொடிகள் பிந்தலாம், இருந்தாலும் ஒன்றுமில்லாமல் இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

சின்ன விஷயம் ஒன்று, ஜப்பானில் விற்கிற போன்களில் பெரும்பாலானவற்றில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது, நம் போனில் முடியும். ரயிலிலும் கூட்டத்திலும் சத்தமில்லாமல் படம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் நாங்கள் இரண்டு போனிலும் சத்தத்தை வைத்தே எடுக்கிறோம். ரிப்பேர் விஷயத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம். என் போனுக்குப் பேட்டரி மாற்றக் கேட்டபோது இந்த மாடல் இங்கே விற்பதில்லை, பாகம் இல்லை என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போனபோது மாற்றிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆண்ட்ராய்டை நான் விடவில்லை, காரணம் இந்திய நம்பர். வங்கி, ஆதார், வருமான வரி, எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறது. வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தது, சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம் எல்லாம் அதில் இருந்தன, ஜப்பான் இல்லை. ஆகவே இங்கிருப்பவர்களுக்கு இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். வளைகுடாவில் சிலர் செய்கிற மாதிரி அதை ஒரு பழைய 2ஜி பட்டன் போனில் போட்டு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் அந்த 2ஜி போன்களுக்கான ஜிஎஸ்எம் நெட்வொர்க் ஒருநாளும் இருந்ததில்லை, அந்தப் போன் இங்கே மணிகூட அடிக்காது. பழைய 4ஜி ஸ்மார்ட்போன்தான் இதற்குப் பொருத்தம்.

என் ஆண்ட்ராய்டு இப்போது அந்த வேலையைத்தான் செய்கிறது, ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்கு இதுவரை என்னிடம் காசு பிடித்ததில்லை, டேட்டா ரோமிங்கை மட்டும் கண்டிப்பாக அணைத்து வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் கெடு தாண்டாமல் தேதியை காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். சர்வதேச ரோமிங்கை விமானம் ஏறுவதற்கு முன்னால், ஊரில் இருக்கும்போதே ஆக்டிவேட் செய்துவிடுங்கள், ஏனென்றால் இங்கே வந்தபிறகு அதைச் செய்யப் போனால் அதற்கும் ஒரு ஓடிபி கேட்பார்கள்.