பிகோஸ் செய்ய லு க்ரூசே 26 செ.மீ. பானை: அந்த விலைக்குத் தகுமா?

போலந்துக்காரர்களின் பிகோஸ், முட்டைக்கோஸும் கறியும் சாசேஜும் ஒரே பானையில் வேகிற சமையல்தான், ஆனால் எந்தப் பானையும் அதற்கு ஆகாது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் நீண்ட நேரம் கொதித்தால் அலுமினிய குக்கரை அரித்து உலோக வாடையை ஏற்றிவிடும். பழக்கிய இரும்புச் சட்டியின் எண்ணெய்ப் படலமும் உரிந்து வரும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு தேவைப்படுவது இதற்காகத்தான்.

அப்படிப்பட்ட பானைகளைச் செய்யும் பிரெஞ்சு நிறுவனம் லு க்ரூசே; அதன் 26 செ.மீ. வட்டப் பானை 5.3 லிட்டர் கொள்ளும். லிட்டரைவிட அடிப்பரப்பைத்தான் பார்க்க வேண்டும். அரை கிலோ கியல்பாசா சாசேஜை ஒரு செ.மீ. வில்லைகளாக நறுக்கினால் இதில் இரண்டே ஈடில் வறுத்துவிடலாம். நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வெந்துபோகுமே தவிரச் சிவக்காது. உட்புறம் வெளிர்நிறம் என்பதால் அடியில் ஒட்டுவது சிவக்கிறதா கருகுகிறதா என்று சட்டெனத் தெரியும். கறுப்பு எனாமலில் இந்த வசதி கிடையாது. தீ மட்டும் மிதத்தைத் தாண்டக் கூடாது. வெறும் பானையைக் காய வைக்கவும் கூடாது.

இந்த அளவுக்கு 400 கிராம் பன்றித் தோள்கறி, இரண்டு வெங்காயம், பச்சை முட்டைக்கோஸ் 700 கிராம், புளித்தது 700 கிராம், 25 கிராம் உலர்காளான், விதை நீக்கிய எட்டு உலர் பிளம், 150 மி.லி. சிவப்பு ஒயின் சரியாக இருக்கும். பிரிஞ்சி இலை மூன்று, ஆல்ஸ்பைஸ் ஐந்து, உலர்ந்த ஜூனிபர் காய் ஆறு. பச்சைக் கோஸ் முதலில் விளிம்புவரை முட்டும். பயப்பட வேண்டாம், கால் மணி நேரத்தில் பாதியாக அமுங்கிவிடும்.

பலர் சறுக்குவது வரிசையில். வறுத்த சாசேஜை எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் கறியையும் வெங்காயத்தையும் சிவக்க விட்டு, ஒயின் ஊற்றி அடியைச் சுரண்டுங்கள். அடுத்து பச்சைக் கோஸையும் காளானையும், காளான் ஊறிய நீரோடு சேர்த்து 20 நிமிடம் வேக விடுங்கள். அதன் பிறகே புளித்த கோஸ். முதலிலேயே சேர்த்தால் அந்தப் புளிப்பில் பச்சைக் கோஸ் எளிதில் குழையாது, நறுக்நறுக்கென்றே நிற்கும். மசாலாவும் பிளமும் சேர்த்து மூடி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒன்றரை மணி நேரம். சாசேஜ் திரும்பச் சேர வேண்டியது கடைசி 40 நிமிடத்துக்கு; தொடக்கத்திலேயே கிடந்தால் சாரமெல்லாம் இறங்கிச் சக்கையாகிவிடும். உப்பு இறக்கும்போதுதான், அதுவும் ருசி பார்த்து.

கனத்த மூடி ஆவியை வெளியே விடாது. கறிக்கு அது நல்லது, பிகோஸுக்குச் சற்று இடைஞ்சல்: இங்கே குழம்பு ஓடக் கூடாது. அந்தக் கடைசி 40 நிமிடமும் மூடியைத் திறந்தே வையுங்கள்.

மூடியோடு ஐந்து கிலோவுக்கு மேல் எடை, நிரம்பினால் எட்டைத் தாண்டும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் யோசிக்கலாம். இந்த ஒரு சமையலுக்காக மட்டும் வாங்குவதென்றால் லாஜ் நிறுவனத்தின் எனாமல் பானையே போதும். விலை பல மடங்கு குறைவு, பிகோஸின் ருசியில் வித்தியாசம் தெரியாது. வாரம் மூன்று நாள் அடுப்பில் ஏறும் பானை என்றால்தான் லு க்ரூசேக்குப் பணம் போடலாம்.

பிகோஸ் மறுநாள் சூடாக்கினால்தான் முழு ருசி. ஆனால் வார்ப்பிரும்பு சூட்டை லேசில் விடாது. இரவு அப்படியே மூடி வைத்தால் கெட்டுப்போக வாய்ப்புண்டு. அகலப் பாத்திரத்துக்கு மாற்றி ஆற வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான பானையில் குளிர்ந்த நீர் ஊற்றினால் எனாமல் விரிசல் விடும். ஆறியபின், பழுப்புக் கறைக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு நீரைக் கொதிக்க விட்டு, மரக்கரண்டியால் தேய்த்தாலே போதும்.