ஃப்ளோரிடா கவுன்ட்டி கோர்ட்டில் டிராஃபிக் வழக்கு: அன்றே ஒப்புக்கொள்வதா, வாய்தா வாங்குவதா, வழக்காடுவதா?

ஃப்ளோரிடாவில் போலீஸ் எழுதிக் கொடுத்த டிக்கெட்டில் 'கோர்ட்டுக்கு வரவேண்டும்' என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தால், அது ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு மறந்துபோகிற சமாசாரம் இல்லை. பெரும்பாலும் கிரிமினல் வழக்கு. லைசென்ஸே இல்லாமல் ஓட்டியது, சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு ஓட்டியது, கண்மூடித்தனமாக ஓட்டிய ரெக்லெஸ் டிரைவிங், இடித்துவிட்டு நிற்காமல் போனது, குடித்துவிட்டு ஓட்டிய டி.யு.ஐ. என்று கவுன்ட்டி கோர்ட்டுக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். அநேகமாக எல்லாமே பேசி முடிகின்றன. ஜூரி வரை போவது கொஞ்சம்தான். என்ன வார்த்தையில் பேசி முடித்தீர்கள் என்பதுதான் பின்னால் தொடரும்.

முதல் நாளே ஒப்புக்கொள்வது

முதல் வாய்தாவில் பெயர் கூப்பிடுவார்கள், அரசு வக்கீல் ஒரு தொகை சொல்வார், 'நோ கான்டெஸ்ட்' (குற்றத்தை ஏற்கவும் இல்லை, எதிர்த்து வழக்காடவும் இல்லை) என்றால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். 'ஜெயில் தண்டனை தரமாட்டேன்' என்று ஜட்ஜ் உத்தரவு போட்டுவிட்டால் உங்கள் பக்கம் வாதாடும் இலவச வக்கீலும் கிடைக்காது; அதனால் பலர் தனியாகவே நின்று ஒப்புக்கொள்கிறார்கள். எங்கள் பார்வையில் சஸ்பெண்ட் வழக்கில் இதைவிட மோசமான வழி கிடையாது. ஐந்து வருடத்துக்குள் இப்படி மூன்று தீர்ப்பு விழுந்தால் 'வாடிக்கைக் குற்றவாளி' என்று லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ரத்து செய்துவிடுவார்கள். சஸ்பெண்ட் ஆனதே தெரியாமல் ஓட்டியதற்குத் தருகிற சாதாரண டிக்கெட்டுக்கு வெறுமனே பணம் கட்டினால்கூட அந்த மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

வாய்தா வாங்கிப் பேப்பரைச் சரிசெய்வது

'குற்றவாளி இல்லை' என்று எழுதிக் கொடுத்து அடுத்த தேதி வாங்குங்கள். அதற்குள் சஸ்பெண்ட் ஆன காரணத்தைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். கட்டாத பழைய அபராதம், விட்டுப்போன இன்ஷூரன்ஸ், பிள்ளைக்கான பராமரிப்புப் பாக்கி என்று பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். லைசென்ஸ் திரும்பி வந்தபின் கோர்ட் கிளார்க்கிடம் காட்டினால் 'வித்ஹோல்ட்' கிடைக்கும். அதாவது குற்றவாளி என்று தீர்ப்பெழுதாமல் நிறுத்திவைப்பார்கள். கிளார்க் வழியான இந்தச் சலுகை 12 மாதத்தில் ஒரு முறை, வாழ்நாளில் மூன்று முறை. லாரி, பஸ் ஓட்டும் கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களுக்குக் கிடையாது.

நம் ஊரிலிருந்து புதிதாகப் போனவர்கள் சிக்குவது வேறு இடத்தில். வேலையில் சேர்ந்தாலோ பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தாலோ அந்த மாநிலவாசி ஆகிவிடுகிறீர்கள்; 30 நாளில் ஃப்ளோரிடா லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். இந்திய லைசென்ஸை நம்பி ஆறு மாதம் ஓட்டினால் 'லைசென்ஸ் இல்லை' வழக்கு வரும். உச்சத் தண்டனை 60 நாள் ஜெயில், 500 டாலர் அபராதம். ஆனால் தேதிக்கு முன் புது லைசென்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனவரிடம் அரசு வக்கீல் பேசுகிற தொனியே மாறிவிடும். இடித்துவிட்டுப் போன வழக்கிலும் அதே கதைதான்: எதிராளியின் வண்டிக்கான செலவைக் கொடுத்துத் தீர்த்த ரசீது முதலில் மேஜைக்கு வரவேண்டும்.

டி.யு.ஐ. என்றால் கணக்கு வேறு

இதில் வித்ஹோல்ட் என்பதே கிடையாது, சட்டமே தடுக்கிறது. டி.யு.ஐ. என்றே ஒப்புக்கொண்டால் முதல் தடவைக்கு 500 முதல் 1,000 டாலர் அபராதம், 50 மணி நேர சமூகச் சேவை, 12 மணி நேர வகுப்பு, வண்டி 10 நாள் முடக்கம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை லைசென்ஸ் ரத்து, அதோடு ப்ரொபேஷன், அதாவது கோர்ட் கண்காணிப்பு. அதன்பின் மூன்று வருடத்துக்கு எஃப்.ஆர்.44 என்கிற கூடுதல் இன்ஷூரன்ஸ். அபராதத்தைவிட இந்தப் பிரீமியம்தான் கழுத்தைப் பிடிக்கும். டிரைவிங் ரெக்கார்டில் 75 வருடம் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே வழக்கை ரெக்லெஸ் என்று குறைத்து முடித்தால் வித்ஹோல்ட் சாத்தியம், எஃப்.ஆர்.44 வேண்டாம், வேறு பழைய தீர்ப்பு இல்லாதவர் பிறகு ரெக்கார்டை மூடி முத்திரையிடவும் கேட்கலாம். வகுப்பு மட்டும் தப்பாது. டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ கவுன்ட்டியில் 2018இல் தொடங்கிய ஆர்.ஐ.டி.ஆர். திட்டம் இந்த வழியில்தான் போகிறது: நிபந்தனைகளை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்தால் வழக்கு குறைகிறது. ஆனால் மூச்சுச் சோதனையில் மது அளவு 0.15 அல்லது அதற்கு மேல் என்றால், குறைந்த குற்றத்துக்கான ஒப்புதலை ஜட்ஜ் ஏற்கக்கூடாது என்கிறது சட்டம். 0.14க்கும் 0.15க்கும் நடுவே இருக்கிற தூரம் அவ்வளவு பெரியது.

வழக்காடுவது எப்போது லாபம்? சோதனையில் ஓட்டை இருக்கும்போது. ஊதுவதற்கு முன் 20 நிமிடம் ஆளைக் கண்காணித்திருக்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் எடுத்த இரண்டு மாதிரிக்கும் வித்தியாசம் 0.020க்குள் இருக்க வேண்டும். கருவிக்கு மாதாமாதம் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதற்கே சரியான காரணம் இருந்ததா என்று போலீஸ் வீடியோவில் பாருங்கள். இவற்றில் ஒன்று சறுக்கினால், ஆறு பேர் ஜூரி உட்காரும் முன்பே அரசு வக்கீல் இறங்கி வருவார். எதுவுமே சறுக்கவில்லையென்றால் ஜூரியிடம் போவது சூதாட்டம். முன்பு சொன்ன பேரத்தை அதற்குள் திரும்பப் பெற்றிருப்பார்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கோர்ட் வேறு, லைசென்ஸ் துறை வேறு. கைதான நாளிலிருந்து 10 நாளுக்குள் துறையிடம் மறுஆய்வு கேட்கவேண்டும். அதுவரை அந்த டிக்கெட்டே தற்காலிக லைசென்ஸ். விட்டுவிட்டால் 0.08 அல்லது அதற்கு மேல் ஊதியவருக்கு ஆறு மாதம், ஊத மறுத்தவருக்கு ஒரு வருடம் சஸ்பென்ஷன். 2025 அக்டோபரிலிருந்து முதல் தடவை மறுப்பதே தனிக் குற்றம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன ஒப்பீடு இங்கே கொஞ்சம் கவிழ்கிறது. ஃப்ளோரிடாவுக்கு வித்ஹோல்ட் தீர்ப்பு ஆகாது. குடியேற்றச் சட்டத்துக்கோ, ஒப்புதலும் ஏதாவது ஒரு தண்டனையும் சேர்ந்தாலே அது தீர்ப்புதான். 'நோ கான்டெஸ்ட்' சொன்னாலும் தப்பாது. அதனால் எச்1பி வேலை விசா ஆசாமிக்கு வித்ஹோல்டைவிட, ஒப்புக்கொள்ளாமலே நிபந்தனைகளை முடித்து வழக்கைக் கைவிடச் செய்யும் டைவர்ஷன் மேல். அதிலும் 'தவறு செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், குடியேற்ற வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

சாதாரண டி.யு.ஐ. நாடுகடத்தும் வன்குற்றம் ஆகாது என்று 2004இல் லியோக்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் ஃப்ளோரிடாவில் எழுந்த வழக்குதான். ஆனால் விசா ரத்தாக கைதே போதும், தீர்ப்பு வேண்டாம். ஊருக்குப் போய் மறுபடி விசா கேட்கும்போது, ஐந்து வருடத்துக்குள் ஒரு மது வழக்குக் கைது இருந்தால் தூதரகம் குறித்த டாக்டரிடம் அனுப்புவார்கள்.

ஆகவே வழக்கு முடிந்த அன்றே கிளார்க் கவுன்ட்டரில் வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்லும், முத்திரை போட்ட டிஸ்பொசிஷன் நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்று பாஸ்போர்ட்டோடு.