பீப்பிங் டாமா, ட்விஸ்டட் நெர்வா?

இந்த இரண்டு பிரிட்டிஷ் படங்களிலும் மனம் சிதைந்த ஓர் இளைஞன்தான் மையம். இரண்டின் திரைக்கதையிலும் கை வைத்தவர் ஒருவரே: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவாளிகளுக்குச் சங்கேதக் குறிகள் அமைத்துக் கொடுத்த லியோ மார்க்ஸ். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் 'பீப்பிங் டாம்' (1960) பாருங்கள்.

மைக்கேல் பவல் இயக்கிய இந்தப் படத்தில் மார்க் ஒரு ஸ்டுடியோவில் கேமரா உதவியாளன். கொலைகாரனும் அவன்தான். அவன் கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கத்தி. சாகப்போகும் பெண் தன் பயத்தைத் தானே பார்க்கும்படி ஒரு கண்ணாடி. ஆனாலும் என்னை உலுக்கியது கொலைகள் அல்ல. பயத்தை ஆராயும் மார்க்கின் அப்பா, சிறுவனாக இருந்த மார்க்கின் படுக்கையில் பல்லியைப் போட்டு, அவன் மிரள்வதைப் படம் பிடிக்கிறார். அந்த அப்பாவாக நடித்தவர் பவலேதான். சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன். அன்றைய விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிரிட்டனில் பவலின் சினிமா வாழ்க்கை அதோடு சரிந்தது. பல வருடம் கழித்து ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி போன்றவர்கள்தான் படத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள்.

ராய் போல்டிங்கின் 'ட்விஸ்டட் நெர்வ்' (1968) வேறு மாதிரி. குழந்தை மனம் கொண்ட ஜார்ஜியாக வேஷம் போட்டு, மார்ட்டின் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் சீட்டி மெட்டு பிரமாதம். அதே மெட்டு பிறகு 'கில் பில்' படத்திலும் வந்ததால், அதைப் பார்த்தவர்களுக்குக் கேட்ட உடனே தெரிந்துவிடும். ஆனால் டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு குரோமோசோம் மாறுபாடு) உள்ள மார்ட்டினின் சகோதரனைக் காட்டி, குற்றத்தை அதோடு முடிச்சுப் போடுகிறது கதை. எதிர்ப்பு கிளம்பியதால் தொடக்கத்தில் மறுப்பு வாசகம் சேர்த்தார்கள். அப்படி முடிச்சுப் போடுவது அறிவியல்படி தப்பு, அந்தக் குடும்பங்களுக்குச் செய்த அநியாயமும்கூட. சரி, பில்லி வைட்லாவின் நடிப்புக்காக இதை அப்புறம் பார்க்கலாம்.