பள்ளமா, கட்டையா, வளைவா: சின்ன அறைக்கு எந்த டிஃப்யூசர்?

சாமான் எதுவும் இல்லாத கான்கிரீட் அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் "ட்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் காதருகே இழுத்துக்கொண்டே போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப்போய்த் திரும்புவதுதான் அது. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை என்று நம் வீடுகளில் இருப்பதெல்லாம் வந்த ஒலியைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்புகிறவை. வீட்டிலேயே பாட்டோ வாத்தியமோ பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி இதுதான்.

என் நண்பர் ஒருவருக்கு 10-க்கு 12 அடியில் அப்படி ஓர் அறை. நாலு சுவரிலும் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினார். "ட்ர்ர்ர்" போய்விட்டது. கூடவே வீணையின் உயிரும் போய்விட்டது. மீட்டிய நாதம் விரலை எடுத்ததும் அறுந்து விழுந்த மாதிரி கேட்டது. ஆனால் அடித்தந்தியின் 'ஊம்' என்ற குமுறல் மட்டும் குறையவே இல்லை. காரணம் எளிது: மெல்லிய ஃபோம் உயர் அதிர்வெண்களைத்தான் விழுங்கும், கீழே உள்ளதைத் தொடவே தொடாது. அறை செத்தும் போகும், குமுறவும் செய்யும்.

ஒலியைக் கொல்லாமல் சிதற விடுவதுதான் டிஃப்யூசரின் வேலை. தட்டையான சுவர் கண்ணாடி மாதிரி. விழுந்த கோணத்திலேயே ஒரே கற்றையாகத் திருப்பும். டிஃப்யூசர் அந்த ஒரு கற்றையைப் பல சின்னப் பிரதிபலிப்புகளாக உடைத்து, வெவ்வேறு திசைகளில் அனுப்புகிறது. ஒலியின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே இருக்கும், ஆனால் எந்த இடத்திலும் குவிந்து உறுத்தாது. 1870-இல் திறந்த வியன்னாவின் மூசிக்ஃபெரைன் அரங்கில் சுவரோரச் சிலைகளும் கூரையின் கட்டம் கட்டமான வேலைப்பாடும் இதைத்தான் செய்கின்றன. அலங்காரத்துக்கு வைத்தவை ஒலிக்கும் உதவிவிட்டன.

வீட்டு அறைக்கு நாம் செய்யவோ வாங்கவோ கூடியவை மூன்று வகை. மூன்றுக்கும் ரசிகர்கள் உண்டு, சண்டையும் உண்டு.

க்யூஆர்டி: கணக்குப் போட்ட பள்ளங்கள்

வர்க்கம் செய்து வகுத்த மீதியை வைத்து ஆழம் கணக்கிடும் டிஃப்யூசர் (Quadratic Residue Diffuser) என்பதன் சுருக்கம்தான் க்யூஆர்டி. இதன் மூலவர் ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர். பெல் ஆய்வகத்திலும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர். 1970-களில் அவர் கேட்டது இதுதான்: சுவரில் எந்த ஆழத்தில், எந்த வரிசையில் பள்ளம் போட்டால் ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் போகும்? விடை எண் கணிதத்திலிருந்து வந்தது. ஒரு பகா எண்ணை எடுங்கள், 7 என்று வைப்போம். 0 முதல் 6 வரை ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து 7-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4, 2, 2, 4, 1. இதுதான் பள்ளங்களின் ஆழ விகிதம். ஒவ்வொரு பள்ளத்தின் அடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருவதால், அவை ஒன்றோடொன்று கலந்து விசிறி போல விரிகின்றன. நியூசிலாந்தின் வெலிங்டனில் 1983-இல் திறந்த மைக்கேல் ஃபவுலர் சென்டரில் இது அரங்க அளவிலேயே வந்துவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் பீட்டர் டி'ஆன்டோனியோ இதைப் பேனலாகச் செய்து ஸ்டூடியோக்களுக்கு விற்கத் தொடங்கினார்.

கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 500 ஹெர்ட்ஸிலிருந்து சிதற வேண்டும் என்றால் அலைநீளம் 70 செ.மீ. அதை 7-இன் இரண்டு மடங்கான 14-ஆல் வகுத்தால் 5 செ.மீ. ஆக, பள்ளங்களின் ஆழம் 0, 5, 20, 10, 10, 20, 5 செ.மீ. ஒவ்வொரு பள்ளமும் 5 செ.மீ. அகலம். நடுவில் மெல்லிய பிளைவுட் தடுப்பு. இந்தத் தடுப்பு முக்கியம், அதை விட்டுவிட்டுச் செய்தால் கணக்கு உடைந்துவிடும்.

இனி குறைகள். 500-இன் ஏழு மடங்கான 3500 ஹெர்ட்ஸில் இந்தப் பேனல் வெறும் தட்டைச் சுவராகிவிடும். அங்கே ஒவ்வொரு பள்ளத்தின் ஆழமும் அரை அலைநீளத்தின் முழு மடங்காக அமைவதால், எல்லாப் பள்ளமும் ஒரே தாளத்தில் திருப்பி அனுப்புகின்றன. 5 செ.மீ. அகலத்துக்குக் கணக்கு சரியாக நடக்கும் மேல் எல்லையும் அதே 3500-தான். 13-ஐ வைத்துச் செய்தால் இந்தத் தொல்லை மேலே தள்ளிப்போகும். ஆனால் பள்ளம் கூடும், மரமும் கூடும். இன்னொன்று: ஒரே பேனலை வரிசையாக ஐந்தாறு மாட்டினால் சிதறல் கூடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் ஒலி சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் கற்றை கற்றையாகப் போகும். இரண்டு வகைப் பேனல்களை ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி வைத்தால்தான் சமமாகும்.

திசையும் கவனிக்க வேண்டியது. பள்ளங்கள் செங்குத்தாக நின்றால் ஒலி இடவலமாக விரியும். படுக்கவைத்தால் தரைக்கும் கூரைக்கும் போகும். அழகுக்காகப் படுக்கவைத்த பேனல்களை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது, அத்தனை உழைப்பும் டைல்ஸ் தரைக்குப் போகிறது.

ஸ்கைலைன்: கட்டைகளின் நகரம்

வெவ்வேறு உயரத்தில் சதுரக் கட்டைகள் அடுக்கிய பலகை, மேலிருந்து பார்த்த நகரம் மாதிரி இருக்கும். படத்தில் இதுதான் அழகு, அதனால் இணையத்தில் அதிகம் விற்பதும் இதுதான். இடவலம் மட்டுமல்லாமல் மேல்கீழாகவும் சிதறும். அரைக்கோளம் முழுக்க ஒலி பிரிவதால் எந்த ஒரு திசையிலும் வருவது மென்மையாக இருக்கும். கூரைக்கு நல்ல பொருத்தம்.

ஆனால் மரத்தில் செய்தால் எடை கொல்லும். 12-க்கு 13 என்று 156 கட்டைகள். 5 செ.மீ. சதுர ரீப்பரில் சராசரி உயரம் 10 செ.மீ. என்று வைத்தாலே 15 மீட்டருக்கு மேல் மரம், 20 கிலோ பக்கம் எடை. தலைக்கு மேல் தொங்கவிட ஆங்கர் போல்ட் போட வேண்டும், வெறும் பசையை நம்பக் கூடாது. தெர்மாகோலில் செய்தால் எடைப் பிரச்சினை இல்லை. அது உயர் அதிர்வெண்களைத் திருப்பிவிடும், கீழே போகப்போக ஒலி அதை ஊடுருவிப் போய்விடும்.

கடையில் பார்க்க வேண்டியது ஆழம். 5 செ.மீ. ஆழமுள்ள பேனல் தோராயமாக 1700 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக ஏதாவது செய்யும். ஆழத்தின் நாலு மடங்கை அலைநீளமாக எடுத்துக்கொண்டால் இந்த எண் வரும். 2 செ.மீ. அலைவடிவ பிவிசி சுவர் ஓட்டை டிஃப்யூசர் என்று யாராவது விற்றால், அதே கணக்கில் 4000-ஐத் தாண்டிவிடும். பாடகரின் குரலில் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது.

விற்பனைத் தாளில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிதறல் குணகம் வேறு, பரவல் குணகம் வேறு. ஐஎஸ்ஓ 17497-இன் முதல் பகுதி முதலாவதை அளக்கிறது, இரண்டாம் பகுதி மற்றதை. கண்ணாடிக் கோணத்தை விட்டு எவ்வளவு ஒலி விலகியது என்று சொல்வது சிதறல் குணகம். விலகிய ஒலி சமமாகப் பரவியதா என்று சொல்வது பரவல் குணகம். எல்லா ஒலியையும் வேறொரு மூலைக்கு மொத்தமாகத் திருப்பிவிடும் பொருளுக்குச் சிதறல் எண் உயரமாகவே வரும். அதனால் தாளில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது என்றால், அது எந்தக் குணகம் என்று கட்டாயம் கேளுங்கள்.

வளைந்த பலகை: பழசு, ஆனால் பலம்

இதுதான் எனக்குப் பிடித்தது, காரணத்தோடு சொல்கிறேன். உருளையின் ஒரு பகுதியைச் சுவரில் ஒட்டவைத்த மாதிரி வளைந்த பிளைவுட். 1940-களின் ஒலிபரப்பு, ஒலிப்பதிவு ஸ்டூடியோக்களில் இது சாதாரணம். கணக்கு சுலபம்: 4 மி.மீ. பிளைவுட்டில் 70 செ.மீ. துண்டை 60 செ.மீ. அகலத்துக்குள் அழுத்தி வளைத்தால் நடுவில் 15 செ.மீ. உப்பும். உள்ளே ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) நிரப்பினால் தட்டும்போது டமாரம் மாதிரி ஒலிக்காது, கீழ் அதிர்வெண்ணையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. திசையில் விரிக்கும், நேரத்தில் அவ்வளவாகப் பிரிக்காது. க்யூஆர்டியில் திரும்பும் ஒலி சில மில்லிநொடிகளுக்கு நீண்டு கரையும், அந்த அகன்ற உணர்வு இதில் குறைவு. ஒரே அளவில் நிறைய அடுக்கினாலும் கெட்டுப்போகும். ஆனால் 3500-இல் தட்டையாகிவிடும் மாதிரியான பொறி எதுவும் இல்லை.

நண்பருக்காகப் பேனல் செய்ய வந்த ஆசாரி க்யூஆர்டி படத்தைப் பார்த்ததும் கேட்டார்: "சார், 20 சென்டி ஆழம், கை நுழையாத சந்து. தூசி அடைஞ்சா எப்படித் துடைப்பீங்க?" நியாயமான கேள்வி. வருடத்தில் பாதி நாள் ஜன்னல் திறந்திருக்கும் வீடு அது. வளைந்த பலகையை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம்.

புத்தக அலமாரியைப் பற்றியும் கேட்பார்கள். உதவும். ஆனால் முதுகுகள் எல்லாம் ஒரே கோட்டில் நின்றால் அதுவும் சுவர்தான். சிலவற்றை உள்ளே தள்ளி, சிலவற்றை வெளியே இழுத்து வையுங்கள். செலவில்லாத வேலை.

அப்படியானால் எது?

பேனலைத் தேர்ந்தெடுக்கும் முன் டேப்பை எடுங்கள். காதுக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை அடி? டிஃப்யூசர் சிதற ஆரம்பிக்கும் அலைநீளத்தின் மூன்று மடங்காவது தள்ளி உட்கார வேண்டும் என்பது ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். 500 ஹெர்ட்ஸ் க்யூஆர்டிக்கு அது 2.1 மீட்டர், அதாவது 7 அடி. 12 அடி அறையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நாலரை அடிதான் மிஞ்சும். அவ்வளவு பக்கத்தில் சிதறல் ஒன்று கலந்து வராது, ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகக் காதில் விழும். 1000 ஹெர்ட்ஸுக்குச் சின்னதாகச் செய்தால் மூன்றரை அடி போதும். ஆனால் குரல் அதிகம் வாழும் 1000-க்குக் கீழே பின்சுவர் அப்படியே அடிக்கும்.

அதனால் என் முடிவு: தலைக்குப் பின்னால் 7 அடி இல்லையென்றால் அந்தச் சுவருக்குக் கனமான ராக்வூல். 7 அடியும் அதற்கு மேலும் இருந்தால் க்யூஆர்டிக்கு ஈடில்லை, செலவழிக்கலாம். நடுத்தர அறையின் பக்கச் சுவர்களுக்கு வளைந்த பலகை. கூரை உயரமாக இருந்தால் மட்டும் ஸ்கைலைன். அடித்தந்திக் குமுறலுக்கு இவற்றில் எதுவும் மருந்தில்லை, அதற்கு மூலைகளில் தடிமனான ராக்வூல்தான்.

நண்பரின் அறையில் பின்சுவரில் ஃபோமைப் பிய்த்து அரை அடி ராக்வூல் வைத்தோம். இரண்டு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை அதையே அடைத்தோம். வாசிப்பவரின் இருபக்கமும் வெவ்வேறு அகலத்தில் மூன்று மூன்று வளைந்த பலகைகள். மாட்டி முடித்த அன்று மாலை அவர் மனைவி வீணையோடு வந்து உட்கார்ந்து, மைக் எதுவும் வைக்காமல் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.