நாலாவது மாடியில் நிலநடுக்க ஒத்திகை: சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்தது

என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காக சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தோம். டாக்டர்கள், நர்சுகள், சுத்தம், பில் எதிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. கேன்டீன் இட்லி மட்டும் காலை ஒன்பதுக்கு மேல் போனால் ஆறிக் கிடக்கும், அவ்வளவுதான். நான் எழுத நினைத்தது வேறு விஷயம். அறுவை முடிந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அங்கே நிலநடுக்க ஒத்திகை நடந்தது. நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்படி எத்தனையோ மாக் ட்ரில் நடத்தியிருக்கிறேன். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கே புரியும்.

முதலில் ஒன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த வாழப்பாடிக்காரர், "சேலத்துல எங்கங்க பூகம்பம் வரப்போகுது, இதுக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். 2018 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் 3.3 அளவில் ஒரு நடுக்கம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி கடகடவென்றது. நான் மேக்னசைட் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 3.3 சின்னதுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் வந்தது சுமார் 6. இங்கிருந்து நூற்று அறுபது கிலோமீட்டர்கூட முழுசாக இருக்காது. கட்டிடப் பொறியாளர்களுக்காக 2002-ல் வெளியான நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருந்தது, அதாவது மிதமான ஆபத்து. மகாராஷ்டிரத்தின் கில்லாரி அந்தக் காலத்து வரைபடத்தில் முதல் மண்டலத்தில், ஆபத்து மிகக் குறைந்த இடமாக இருந்தது. 1993 செப்டம்பர் 30, விடிகாலை நான்கு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது அங்கே பூமி ஆடியதில் தூக்கத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். இதைச் சொன்னதும் வாழப்பாடிக்காரர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். சைரன் ஒலித்தது, மைக்கில் "நிலநடுக்க ஒத்திகை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று தமிழில் தெளிவாக இரண்டு முறை சொன்னார்கள். அது நல்ல விஷயம், பல இடங்களில் நிறத்தின் பெயரில் ஏதோ ஒரு ரகசியக் குறிச்சொல் சொல்வார்கள், கூட இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் அடுத்த நொடியே எல்லோரும் படிக்கட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் முதல் தப்பு. இது தீ ஒத்திகையின் பழக்கம். தரை ஆடும்போது நடக்கவே கூடாது, படிக்கட்டில் கால் வைக்கவே கூடாது. இருந்த இடத்திலேயே குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் போய், தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக் போட்டுக் குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும். படுத்திருப்பவரை இறக்கவே வேண்டாம், கட்டிலின் சக்கரத்தைப் பூட்டி, பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, தலையணையால் தலையையும் கழுத்தையும் மறைத்தால் போதும். ஆட்டம் நின்ற பிறகுதான் வெளியே போகலாமா, போகத்தான் வேண்டுமா என்ற கேள்வியே வரும். தரை ஆடும் அந்த அரை நிமிஷத்தை இந்த ஒத்திகையில் யாரும் நடித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு நிமிஷம் நாற்பது நொடியில் எங்கள் மாடி காலி என்று சூப்பர்வைசர் மைக்கில் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி கட்டிலில் இருக்கிறாள். எதிர்க்கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி இருக்கிறார். கால் முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். எங்கள் வார்டில் இருபத்தி நான்கு கட்டில், அன்று தானாக நடக்கக்கூடியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும், கூட வந்தவர்களும், ஊழியர்களும் இறங்கினார்கள், மீதிப் பதினைந்து பேர் படுத்தபடி மேலேயே இருந்தார்கள். ஒரு சிஸ்டர் ஓடிவந்து, "அப்பா, இவங்கள எல்லாம் இறக்குன மாதிரி கணக்கு வச்சுக்கிட்டோம், நீங்க மட்டும் கீழ வாங்க" என்றது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தது. ஆனால் எலும்பு முறிவு வார்டில் நடக்க முடிந்தவர்களை மட்டும் நடக்க வைத்துப் பார்ப்பது என்ன பரிசோதனை? மனைவி வாக்கர் பிடித்து பாத்ரூம் வரைதான் போவாள், நாலு மாடிப் படிக்கட்டை நினைத்தே பார்க்க முடியாது. லிஃப்டும் ஓடக்கூடாது. அப்படியானால் அவளை யார் தூக்குவது, எதில் தூக்குவது, யாருக்குப் பிறகு தூக்குவது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காத ஒத்திகையை நான் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதில் ஒன்றும் கஷ்டமானதில்லை. நடப்பவர்களை முதலில் அனுப்ப வேண்டும், அப்புறம் சக்கர நாற்காலி, அப்புறம் தூக்க வேண்டியவர்கள். உடனடி ஆபத்து இல்லாதவரை ஐசியு கடைசி, ஏனென்றால் அங்கே ஒரு நோயாளிக்கு நான்கைந்து பேர் வேண்டும். ஸ்ட்ரெச்சர் எல்லோருக்கும் கிடைக்காது. கெட்டியான போர்வையைத் தரையில் விரித்து, நோயாளியை அதில் இறக்கி, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பிடித்து இழுத்தால் ஒரே ஆள் வராந்தா முழுக்கக் கொண்டுபோகலாம். படிக்கட்டில்தான் நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் என்னைப் போலக் கூட இருப்பவர்கள்தான், வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, எங்களைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

ஐசியுவில் நடந்ததைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். மறுநாள் அங்கே பொறுப்பில் இருக்கும் மூத்த சிஸ்டரிடம் பேசினேன். வென்டிலேட்டர் நின்றால் ஆம்பு பேக்கை ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும், ஒருவர் கை சோர்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும் என்று பொம்மையை வைத்துப் பத்து நிமிஷம் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் லைன் வால்வை யார் மூடுவது என்பதற்கு ஷிஃப்ட்டுக்கு ஒரு பெயர் போர்டில் எழுதியிருக்கிறது. மாற்று சிலிண்டர்கள் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கின்றன. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம் வரும் என்று அந்த சிஸ்டர் மனக்கணக்காகச் சொன்னது. ஒரு மாடியில் இவ்வளவு நன்றாகச் செய்கிறவர்களால் நாலாவது மாடியிலும் செய்ய முடியும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கீழே கூடும் இடம் சரியில்லை. முன்வாசலில், முகப்புக் கண்ணாடிச் சுவருக்குப் பதினைந்து அடி தள்ளி, பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஐந்து மாடிக் கண்ணாடி உதிர்ந்தால் அங்கேதான் விழும். மதில் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் காலி இடம் இருக்கிறது, ஒரு சின்னக் கேட் வைத்து, மண்டபத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும். 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் இப்படிக் கீழே வெறும் தூண்களோடு நின்ற பல அடுக்குமாடிகள்தான் உட்கார்ந்தன, பூஜில் அரசு ஆஸ்பத்திரியே இடிந்தது. எனவே தூண்களை ஒரு பொறியாளரை வைத்துப் பரிசோதித்தார்களா என்று கேட்டேன், விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். கட்டிடம் நின்றாலும் போதாது. கலிபோர்னியாவில் ஆலிவ் வியூ ஆஸ்பத்திரி 1971-ல் இடிந்து, திரும்ப மிக உறுதியாகக் கட்டப்பட்டு, 1994 பூகம்பத்தில் அசையாமல் நின்றது, ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாகிவிட்டது. எங்கள் வார்டிலும் மருந்து பீரோக்கள் சுவரோடு பிணைக்கப்படாமல் நின்றன. இது நாலு எல் ஆங்கிளும் ஸ்க்ரூவும் போதும் வேலை.

இன்னொன்று, நேரம். பகல் பதினொரு மணிக்கு டாக்டர், நர்ஸ், ஆயாம்மா, வார்டு பாய், செக்யூரிட்டி எல்லோரும் இருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் மாடியில் இரண்டு சிஸ்டரும் ஓர் ஆயாம்மாவும்தான். நான் எட்டு ராத்திரியும் எண்ணியிருக்கிறேன். அடுத்த ஒத்திகையை இரவு ஷிஃப்டில் வையுங்கள். எல்லா நோயாளியையும் எழுப்ப வேண்டாம், ஒரு காலி அறையும் ஒரு ஊழியரும் ஒரு போர்வையும் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று கருத்துப் படிவத்தில் மூன்று வரி இடம்தான் இருந்தது, பின்பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். பில் கட்டிக்கொண்டிருக்கும்போது நர்சிங் சூப்பிரண்டெண்ட் அம்மா தேடி வந்து, "ஐயா, அந்தப் போர்வையில இழுக்கறது எப்படின்னு காட்டுங்க" என்று கேட்டார். காலி அறை ஒன்றில் நானே படுத்தேன். நான் எழுபத்திரண்டு கிலோ. ஒல்லியான ஓர் ஆயாம்மா என்னை அறை வாசலில் இருந்து லிஃப்ட் வரை இழுத்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றது. அங்கே நின்ற ஏழெட்டு சிஸ்டர்களும் ஆளுக்கொரு முறை இழுத்துப் பார்த்தார்கள்.

சிகிச்சைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஐசியு தயார்நிலைக்கு நாலரை, வார்டு ஒத்திகைக்கு இரண்டு. அடுத்த முழங்காலுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேதான் போகப்போகிறோம். முதல் மாடியில் அறை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மண்டபத்துப் பக்கம் கேட் வைத்துவிட்டார்களா என்று போன உடனே பார்ப்பேன்.