134/84: இது பிரஷரா, இல்லையா?

வயது 52. சர்க்கரை இல்லை, நெஞ்சுவலி வந்ததில்லை, சிகரெட் பழக்கம் கிடையாது. பிபி பார்த்தால் 134/84. இவருக்கு பிரஷர் இருக்கிறதா? அவர் எந்த நாட்டில் கையை நீட்டுகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

அமெரிக்காவில் என்றால், இருக்கிறது. அங்குள்ள இதயநோய் அமைப்புகள் 2017-இல் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்கு இறக்கின. 2025-இல் வந்த புதிய வழிகாட்டுதலிலும் அதே எல்லைதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 140/90-லேயே நிற்கிறது. அங்கே இவர் நோயாளி இல்லை. இந்தியாவின் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கும் 140/90தான் கணக்கு. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் நடுவே ஒரு வகையைச் சேர்த்தது: 120–139/70–89 இருந்தால் 'சற்றுக் கூடுதல்', நோய் என்று பெயர் வைக்காது, ஆனால் கவனிக்கச் சொல்லும்.

அமெரிக்காவில் எல்லை இறங்கியதும், பிரஷர் உள்ளவர்கள் என்று சொல்லப்படுவோர் பெரியவர்களில் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் மாத்திரை தேவைப்படுவோர் கூடியது சுமார் 2 சதவீதப் புள்ளிதான். மேல் அளவு (134/84-இல் 134) 130-க்கு மேல் 140-க்குள் இருப்பவர்களில், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கும் அடுத்த 10 ஆண்டில் அது வரும் அபாயம் 10 சதவீதத்தைத் தொடுபவர்களுக்கும்தான் 2017-இல் மாத்திரை சொன்னார்கள். மற்றவர்களுக்கு உப்பைக் குறைப்பது, நடை, எடை. 2025-இல் இது இறுகியது. அபாயம் குறைவானவர்களுக்கும் மூன்று முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டு, அளவு இறங்காவிட்டால் மாத்திரை என்கிறார்கள்.

எல்லையை இறக்கியதற்கு ஒரு முக்கியமான காரணம் 2015-இல் வெளியான 'ஸ்பிரின்ட்' ஆய்வு. 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மேல் அளவை 120-க்குக் கீழும் மற்றவர்களுக்கு 140-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். முதல் பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை சேர்த்து 25 சதவீதமும், மரணம் 27 சதவீதமும் குறைந்தன. இதை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்விலேயே இல்லை. 120-ஐத் துரத்தியவர்களில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக இருந்தன. அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களின் சங்கம் 2017 வழிகாட்டுதலை ஏற்க மறுத்ததை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், அளந்த விதம். ஸ்பிரின்டில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். நம்மில் பலர் மாடிப்படி ஏறி, டோக்கனுக்கு மோதி, நர்ஸ் அக்காவிடம் பேசிக்கொண்டே கையை நீட்டுகிறோம். அப்படி எடுத்த 134-உம் அங்கே எடுத்த 134-உம் ஒன்றாகாது.

இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு பிரிட்டனுக்கே. கிளினிக்கில் 140-ஐத் தாண்டினால்கூட அதை மட்டும் நம்பி முடிவு செய்யாதே என்கிறது நைஸ். 24 மணி நேரக் கருவியை மாட்டு. முடியாவிட்டால் வீட்டில் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, முடிந்தால் ஏழு நாள் எடு. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பார். அது 135/85-ஐத் தொட்டால்தான் பிரஷர் உறுதி. மருத்துவரைக் கண்டதும் ஏறும் பிரஷருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குவதை இது தடுக்கும்.

வயதானவர்களுக்கு நான் இன்னும் நிதானம் கேட்பேன். 80 தாண்டியவர்களுக்கு கிளினிக்கில் 150/90-க்குக் கீழ் இருந்தால் போதும் என்கிறது நைஸ். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று பார்க்காமல் பாட்டிக்கு ஒரு மாத்திரையைக் கூட்டினால், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். நம் 52 வயதுக்காரர் அப்படி இல்லை. அவருக்கு முன்னால் இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. வீட்டில் ஒரு வாரம் அளந்தும் 130-க்கு மேலேயே நின்றால், ஊறுகாயையும் அப்பளத்தையும் இன்றே குறைத்துவிட்டு, தன் பத்தாண்டு அபாயம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்கட்டும்.