நீச்சல் குளத்தைச் சுற்றி எது போடலாம்: செயற்கைப் புல்லா, பேவர் பிளாக்கா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். குளத்திலிருந்து தண்ணீர் தெறிக்கும் முதல் ஐந்தடிக்குள் செயற்கைப் புல் வேண்டவே வேண்டாம். அந்த இடத்துக்குப் பேவர் பிளாக்தான் சரி. கையில் கூடுதலாகக் காசு இருந்தால் ஃபிளேம் செய்த (தீச்சுடர் காட்டி மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கிய) வெளிர்நிற கிரானைட். புல்தான் பிடிக்கும் என்றால் ஐந்தடியைத் தாண்டி, மதியத்துக்கு மேல் நிழல் விழும் பக்கமாகப் பார்த்துப் போடுங்கள்.

காரணம் சூடு. செயற்கைப் புல் பிளாஸ்டிக் இழை. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அந்த வழி கிடையாது. நேர் வெயிலில் அதன் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் கத்திரி வெயில் நேரத்தில் ஈரக் காலோடு குளத்தைவிட்டு ஏறும் குழந்தைக்கு இது சின்ன விஷயமில்லை. ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தால் குளிரும், ஆனால் சற்று நேரத்திலேயே பழையபடி கொதிக்கும். வெளிர் சாம்பல் நிற பேவரும் சுடத்தான் செய்யும், இந்த அளவுக்கு அல்ல. கறுப்பு, அடர் சிவப்பு பிளாக்குகளைத் தவிர்த்துவிடுங்கள்.

புல்லில் அடுத்த தொல்லை, இழைகள் நிமிர்ந்து நிற்கத் தூவும் சிலிகா மணல். சதுர அடிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை தூவுவார்கள். குளக்கரையில் அது காலோடு ஒட்டிக்கொண்டு நேராகக் குளத்தின் அடியில் போய்ச் சேரும். உதிரும் இழைகள் நீர்மேல் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் சிக்கும். சிமெண்ட் தரைமேல் அப்படியே ஒட்டினாலோ, அடியில் தண்ணீர் தேங்கி ஒரு மழைக்காலத்திலேயே பாசி வாடை வரும். சிமெண்ட் தரைதான் இருக்கிறதென்றால் புல்லுக்கு அடியில் டிரெயின் செல் பலகை (தண்ணீர் வடிய இடம்விடும் பிளாஸ்டிக் கூட்டுப் பலகை) கட்டாயம்.

புல் வாங்கப் போனால் 50 மில்லிமீட்டர் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் அடர்த்தியாக இருப்பதே மேல். சாம்பிள் துண்டை இரண்டு செங்கல்மேல் வைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். துளைகள் வழியே உடனே இறங்க வேண்டும். முதுகுப் பக்கத்தை மடக்கினால் வெடிப்போ வெள்ளைப் பொடியோ தெரியக் கூடாது. எப்போதும் ஈரமிருக்கும் இடத்தில் லேடெக்ஸ் பூச்சைவிட பாலியூரிதேன் பூச்சு அதிக நாள் தாங்கும். ரோல் 2 மீட்டர் அகலத்தில் வந்தால், ஒன்றரை மீட்டர் பட்டைக்கு வெட்டும்போது கால் பங்கு வீண். விலை பேசும்போதே இதைக் கணக்கில் சேருங்கள். கடற்காற்று வீசும் இடத்தில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். வெறுங்கால் படும் இடத்தில் எந்த ஆணியும் வேண்டாம், பசை போதும்.

பேவரிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்பு பிளாக் கடையில் அழகாகத் தெரியும். ஈரம் பட்டால் வழுக்கும். மெஷினில் அழுத்திச் செய்த, சொரசொரப்பான பிளாக்கைக் கேளுங்கள். நடமாட்டம் மட்டும் உள்ள இடத்துக்கு பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658, எம்-30 வலிமையில் (எண் கூடினால் வலிமை கூடும்) 50 மில்லிமீட்டர் தடிமனை ஏற்கிறது. நாங்கள் எம்-35, 60 மில்லிமீட்டரைத்தான் சொல்வோம். சாம்பிளை மதியம் இரண்டு மணி வரை வெயிலில் போட்டு, வெறுங்காலோடு பத்து விநாடி நின்று பாருங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றி ஈரப் பாதத்தால் தேய்த்துப் பாருங்கள். இந்த இரண்டிலும் தேறாத பிளாக்கை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

மலிவு என்று கடப்பா, கோட்டா கல் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இரண்டுமே சுண்ணாம்புக் கல். குளத்து நீரின் பி.எச். குறைக்க ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலே கல்லை அரித்துத் தடம் போட்டுவிடும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் குளோரினேட்டர் உள்ள குளமென்றால் உப்பு கல்லுக்குள் ஊறி, காய்ந்து படிகமாகி மேல்பரப்பை உதிர்க்கும்.

மேலே என்ன போட்டாலும் வேலை கெடுவது பெரும்பாலும் அடியில்தான். குளம் கட்டத் தோண்டிய பள்ளத்தின் சுற்றுப்புறம் பிறகு நிரப்பிய மண். அதை ஒரேயடியாகக் கொட்டி மூடினால் முதல் நல்ல மழையிலேயே உள்வாங்கி, குளத்தை ஒட்டிய மூன்றடி மட்டும் பள்ளமாகும். ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்காகத் தண்ணீர் தெளித்து பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து மண்ணை இறுக்கும் மெஷின்) இறுக்க வேண்டும். சுவர் ஓரத்தில் மெஷின் போகாத இடத்துக்குக் கையால் இடிக்கும் திமிசுக் கட்டை.

குளத்தின் விளிம்பில் பதிக்கும் கோப்பிங் கல்லோடு சேர்த்து 20×10 அடி குளம், சுற்றிலும் ஐந்தடி என்றால் 400 சதுர அடி, அதாவது சுமார் 37 சதுர மீட்டர். 200×100 மில்லிமீட்டர் பிளாக் சதுர மீட்டருக்கு 50 வீதம் 1,860. வெட்டுச் சேதாரத்தோடு 1,950 வாங்குங்கள். இறுகிய பின் ஆறு அங்குலம் நிற்க வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி, கல்தூள் கலவை) இரண்டரை யூனிட் வேண்டும்; ஒரு யூனிட் 100 கன அடி. அதன்மேல் 30 மில்லிமீட்டர் மணல் படுகைக்கு அரை யூனிட். வெளி ஓரத்தில் கான்கிரீட் கட்டு இல்லாவிட்டால் பிளாக்குகள் மெல்ல விலகி இடுக்குகள் வாய் பிளக்கும். வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, பத்தடிக்கு இரண்டு அங்குலம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து நீங்களே சரிபாருங்கள்.

கோப்பிங்கை ஒட்டிய முதல் வரிசையை மட்டும் மணலில் வைக்காமல், கான்கிரீட் பட்டைமேல் சாந்தில் பதியுங்கள். இல்லையென்றால் இடுக்கு மணல் குளத்துக்குள் கரைந்துகொண்டே இருக்கும். கோப்பிங்குக்கும் அந்த வரிசைக்கும் நடுவே 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஃபோம் ராட் (பஞ்சுபோன்ற கயிறு) செருகி, மேலே பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பர்போல் நெளியும் அடைப்பான்) போட வேண்டும். மேஸ்திரி அதில் சிமெண்ட் பூச வந்தால் தடுத்துவிடுங்கள். வெயிலில் விரியும் தளம் கோப்பிங்கைத் தள்ளும், அதன் கீழே குளத்து டைல்ஸ் வரிசை வெடிக்கும்.